ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட்ச்காக் எங்கே, எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தார்?

பிரிட்டனிலும் பின்னர் ஹாலிவுட்டிலும் படம் எடுத்த இயக்குநர் ஹிட்ச்காக் 1899 ஆகஸ்ட் 13 அன்று லேட்டன்ஸ்டோனில் பிறந்தார். இன்று அது கிழக்கு லண்டனின் ஒரு பகுதி. அன்று எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தந்தை வில்லியம் காய்கறியும் கோழியும் விற்கும் கடை வைத்திருந்தார், தாய் எம்மா. மூன்று பிள்ளைகளில் ஆல்ஃப்ரெட் கடைக்குட்டி. கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் சேசு சபைக் குருக்கள் நடத்திய புனித இக்னேஷியஸ் பள்ளியில் சேர்க்கப்பட்டார். தவறு செய்த மாணவனைக் கெட்டியான ரப்பர் பிரம்பால் அடிப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஆனால் அடி உடனே விழாது. தண்டனை இன்னதென்று சொல்லப்பட்ட பின், அது நிறைவேறும் வரை மாணவன் காத்துக் கிடக்க வேண்டும். தனக்குள் அச்சம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான் என்று பின்னாளில் சொன்னார். பார்வையாளரைக் காக்க வைத்தே வதைக்கும் வித்தையை அவர் எங்கே கற்றார் என்பதற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

சிறு வயதில் அவரைக் காவல் நிலையத்தில் அடைத்தார்கள் என்பது உண்மையா?

அவரே சொன்ன கதை அது. நான்கைந்து வயதில் ஏதோ குறும்பு செய்ததற்காக, தந்தை ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த அதிகாரி சிறுவனைச் சில நிமிடங்கள் அறையில் பூட்டி வைத்து, குறும்புக்காரப் பையன்களுக்கு இதுதான் கதி என்று சொல்லி வெளியே விட்டாராம். ஹிட்ச்காக் இதைப் பேட்டிதோறும் சொன்னார். விவரங்கள் அவ்வப்போது மாறின. உறுதிப்படுத்தச் சாட்சி யாரும் இல்லை. நடந்ததோ இல்லையோ, செய்யாத குற்றத்துக்காகத் துரத்தப்படும் மனிதன் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறான்: 'த 39 ஸ்டெப்ஸ்', 'த ராங் மேன்', 'நார்த் பை நார்த்வெஸ்ட்'. அவர் படங்களில் போலீஸ்காரரைக் கண்டால் நிம்மதி வருவதில்லை, பயம்தான் வருகிறது.

திரைத்துறைக்குள் எப்படி நுழைந்தார்?

1914-ல் தந்தை இறந்தார். குடும்பத்துக்கு வருமானம் வேண்டியிருந்ததால் ஹென்லி என்ற தந்திக் கம்பி நிறுவனத்தில் மதிப்பீட்டு எழுத்தராகச் சேர்ந்து, படம் வரையத் தெரிந்ததால் அதன் விளம்பரப் பிரிவுக்கு மாறினார். ஓர் அமெரிக்கப் பட நிறுவனம் லண்டன் இஸ்லிங்டனில் ஸ்டூடியோ திறப்பதை அறிந்து, மௌனப் படங்களில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகளை வரைந்து எடுத்துக்கொண்டு போனார்; வேலை கிடைத்தது. அங்கிருந்து கலை இயக்கம், திரைக்கதை, உதவி இயக்கம் என்று எல்லாப் படிகளிலும் ஏறினார். ஒரு காட்சியில் தன் வேலையை மட்டும் பார்க்காமல் எல்லோருடைய வேலையையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு அந்த ஆண்டுகளில் வந்தது.

ஜெர்மனியில் பயிற்சி பெற்றார் என்கிறார்களே?

முறையான பயிற்சி அல்ல. 1924-ல் ஒரு கூட்டுத் தயாரிப்புக்காக பெர்லினின் ஊஃபா ஸ்டூடியோவில் வேலை செய்தபோது, அதே வளாகத்தில் ஜெர்மன் இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் 'த லாஸ்ட் லாஃப்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தார். எழுத்து அட்டைகளே ஏறக்குறைய இல்லாமல் படத்தாலேயே கதை சொல்ல முடியும் என்பதை அங்கே கண்டார். அடுத்த ஆண்டு மியூனிக்கில் தன் முதல் முழுப் படமான 'த பிளெஷர் கார்டன்' படத்தை இயக்கினார்.

அவருடைய முத்திரை பதிந்த முதல் படம் எது?

1927-ல் திரைக்கு வந்த 'த லாட்ஜர்'. லண்டனில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்படுகிறார்கள். ஒரு வீட்டின் மாடி அறைக்கு வாடகைக்கு வரும் இளைஞன்மேல் வீட்டாருக்குச் சந்தேகம். அவன் மேலே நடக்கும் காலடி ஓசையைக் கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டும். படமோ மௌனப் படம். ஹிட்ச்காக் தடித்த கண்ணாடியால் ஒரு தளம் அமைத்து, அதன்மேல் நடிகரை நடக்க விட்டு, கீழேயிருந்து படம் பிடித்தார். கூரையை ஊடுருவிப் பார்ப்பதுபோல் பாதங்கள் முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்க்கும்போது, இல்லாத ஓசை நம் காதில் விழுகிறது. விநியோகஸ்தருக்குப் படம் பிடிக்காமல் சில மாதம் முடங்கிக் கிடந்தது; ஐவர் மாண்டகு என்ற இளைஞரின் உதவியோடு எழுத்து அட்டைகள் வெகுவாகக் குறைக்கப்பட்ட பின் வெளியாகிப் பெரும் வெற்றி கண்டது.

தன் படங்களில் ஒரு கணம் தோன்றி மறையும் வழக்கம் எப்போது தொடங்கியது?

அதே 'த லாட்ஜர்' படத்தில். பத்திரிகை அலுவலகக் காட்சியில் ஆள் போதாமல் தானே உட்கார்ந்தார். பிறகு அது வழக்கமாகி, ஏறக்குறைய 40 படங்களில் தொடர்ந்தது. ரசிகர்கள் கதையை விட்டுவிட்டு அவரையே தேடத் தொடங்கியதால், பிற்காலப் படங்களில் தொடக்கத்திலேயே வந்துவிட்டுப் போய்விடுவார். 'லைஃப்போட்' முழுவதும் நடுக்கடலில் ஒரு படகில் நடப்பதால், அதில் எடை குறைப்பு மருந்துக்கான செய்தித்தாள் விளம்பரப் படமாக இடம்பிடித்தார்.

பேசும் படங்களுக்கு அவர் எப்படி மாறினார்?

'பிளாக்மெயில்' (1929) மௌனப் படமாகத் தொடங்கி, பாதியில் பேசும் படமாக மாற்றப்பட்டது. கதாநாயகி ஆனி ஓன்ட்ராவின் ஆங்கிலத்தில் வெளிநாட்டு வாடை அடித்ததால், அவர் வாயசைக்க, கேமராவுக்கு வெளியே நின்று ஜோன் பேரி என்ற நடிகை வசனம் பேசினார். ஒருவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு வீடு திரும்பிய அந்தப் பெண் காலை உணவு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கொலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். பேச்சு மெல்ல மெல்ல முணுமுணுப்பாகி, 'கத்தி' என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. எல்லோரும் ஒலியை வைத்து வசனம் பேச வைத்துக்கொண்டிருந்த ஆண்டில், இவர் அதே ஒலியை வைத்து ஒருத்தியின் மனதுக்குள் நம்மை உட்கார வைத்தார்.

சஸ்பென்ஸ் என்பதற்கு அவர் தந்த விளக்கம் என்ன?

1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து நீண்ட உரையாடல் நடத்தினார். 1966-ல் அது நூலாக வந்தது. அதில் அவர் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்த வெடிகுண்டு திடீரென்று வெடித்தால், பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அதே வெட்டிப் பேச்சு பதினைந்து நிமிடப் பதைப்பாக மாறிவிடும். ஆகவே இரகசியத்தைப் பார்வையாளரிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவதே அவர் வழி. அவரை மர்மக்கதை இயக்குநர் என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இந்த இடத்தில்தான் பிசகுகிறது. கொலையாளி யார் என்று கடைசி வரை மறைக்கும் கதைகளில் அவருக்கு ஆர்வம் குறைவு.

விளக்கத்தைவிடச் செயல்முறை சுவையானது. 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் இங்க்ரிட் பெர்க்மன் நடித்த அலிசியா, அமெரிக்க உளவுத்துறைக்காக ஒரு நாஜிக் கும்பலைச் சேர்ந்தவனை மணந்து அவன் வீட்டில் இருக்கிறாள். மது அறையின் சாவியைக் கணவனின் கொத்திலிருந்து திருடியாயிற்று. விருந்து நடக்கிறது. கேமரா மாடியின் உயரத்திலிருந்து கூடம் முழுவதையும் காட்டி, அப்படியே இறங்கி வந்து, அவள் விரல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சாவியில் நிற்கிறது. இத்தனை பெரிய கூட்டத்தில் பொருட்படுத்த வேண்டியது அந்தச் சிறு உலோகத் துண்டு மட்டும்தான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லியாகிவிட்டது. அடுத்து ஷாம்பெய்ன். புட்டிகள் தீர்ந்துபோனால் கணவன் மது அறைக்குப் போவான். போனால் சாவி இல்லாதது தெரிந்துவிடும். ஆகவே பனிக்கட்டித் தொட்டியில் குறைந்துகொண்டே வரும் புட்டிகளைப் படம் இடையிடையே காட்டுகிறது, விருந்தினர் ஒவ்வொருவரும் கோப்பையை எடுக்கும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அந்தக் கோப்பைகளில் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டுப் போகிறவர் ஹிட்ச்காக்! தன் தலைகாட்டலைக்கூட அவர் பதைப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இந்த விதியை அவரே மீறியது உண்டா?

உண்டு, 'சபோட்டாஜ்' (1936) படத்தில். தான் சுமந்து செல்லும் பொட்டலத்தில் வெடிகுண்டு இருப்பதை அறியாத சிறுவன் லண்டன் பேருந்தில் ஏறுகிறான், வழியெங்கும் தாமதம், பக்கத்து இருக்கை நாய்க்குட்டியோடு விளையாடுகிறான், குண்டு வெடிக்கிறது, சிறுவன் இறக்கிறான். அவ்வளவு நேரம் பதைத்த பார்வையாளருக்கு விடுதலை தராமல் விட்டது பெரிய பிழை என்று ஹிட்ச்காக் பின்னாளில் வருந்தினார். அவர் கருத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. அந்தக் கொடுமை இருப்பதால்தான் அந்தப் படம் இன்னும் உறுத்துகிறது.

'மெக்கஃபின்' என்றால் என்ன?

கதாபாத்திரங்கள் உயிரைக் கொடுத்துத் தேடும், ஆனால் பார்வையாளர் பொருட்படுத்தத் தேவையில்லாத பொருள். 'நொட்டோரியஸ்' படத்து மதுப் புட்டிக்குள் இருக்கும் யுரேனியத் தாது அப்படிப்பட்டது. அதற்குப் பதில் வைரத்தை வைத்திருந்தாலும் சாவிக் காட்சி இப்படியேதான் இருந்திருக்கும்.

இங்கிலாந்தை விட்டு ஏன் போனார்?

'த 39 ஸ்டெப்ஸ்' (1935), 'த லேடி வானிஷஸ்' (1938) ஆகியவற்றுக்குப் பிறகு பிரிட்டனில் அவருக்கு மேலே ஏற இடமில்லை. பணமும் கருவிகளும் ஹாலிவுட்டில் இருந்தன. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் ஒப்பந்தத்தை ஏற்று 1939-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். முதல் படமான 'ரெபெக்கா' (1940) சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அந்தச் சிலை தயாரிப்பாளருக்குப் போனது. எல்லாவற்றிலும் தலையிட்டு நீண்ட குறிப்புகள் அனுப்பும் பழக்கமுடையவர் செல்ஸ்னிக். படத்தொகுப்பில் பிறர் கைவைக்க இடமில்லாமல், தேவையான துண்டுகளை மட்டுமே எடுத்துத் தரும் ஹிட்ச்காக்கின் முறை அவரை எரிச்சலூட்டியது. ஒப்பந்தம் முடிந்ததும் ஹிட்ச்காக் நண்பரோடு சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். ஒவ்வொரு சுருளையும் வெட்டின்றி நீளமாக எடுத்த 'ரோப்' (1948) அதன் முதல் படம், அவருடைய முதல் வண்ணப் படமும் அதுவே. அடுத்த படம் தோற்றதும் அந்த நிறுவனம் படுத்துவிட்டது.

ஆல்மா ரெவில் யார்?

மனைவி, அதோடு அவர் நம்பிய முதல் விமர்சகர். ஹிட்ச்காக்கைவிட ஒரே ஒரு நாள் இளையவர். ஆனால் திரைத்துறைக்கு அவருக்கு முன்பே வந்து படத்தொகுப்பாளராக இருந்தவர். ஜெர்மனியிலிருந்து கப்பலில் திரும்பும்போது கடல் கொந்தளிக்க, குமட்டலில் படுத்துக் கிடந்த ஆல்மாவிடம் ஹிட்ச்காக் திருமணம் பற்றிக் கேட்டாராம். மறுக்கத் தெம்பில்லாமல் அவர் தலையாட்டினாராம். 1926 டிசம்பரில் திருமணம். 1928-ல் மகள் பட்ரீசியா.

திரையில் ஆல்மாவின் பெயர் சில படங்களில்தான் வருகிறது, உழைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. 'சைக்கோ' முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, குளியலறையில் இறந்து கிடக்கும் கதாநாயகி ஜேனட் லீ இலேசாக அசைவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 1979-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாள் சாதனை விருதை ஏற்றபோது, நான்கு பேருக்கு மட்டும் நன்றி சொல்ல விரும்புவதாக ஹிட்ச்காக் தொடங்கினார்: ஒரு படத்தொகுப்பாளர், ஒரு திரைக்கதை எழுத்தாளர், தன் மகளின் தாய், வீட்டுச் சமையலறையில் அற்புதங்கள் செய்த ஒரு சமையல்காரர். நால்வரின் பெயரும் ஆல்மா ரெவில் என்றார்.

அவருடைய உச்சக் காலம் எது?

1951-லிருந்து 1964 வரை என்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். காரணம் கேட்டால் மேதைமை என்பார்கள். எனக்கு அதில் பாதி பதில்தான் இருப்பதாகப் படுகிறது. மீதிப் பாதி அவரைச் சுற்றி அமைந்த குழு. ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ், படத்தொகுப்பாளர் ஜார்ஜ் டொமாசினி, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், ஆடை வடிவமைப்பாளர் ஈடித் ஹெட், தலைப்புக் காட்சிகளை வரைந்த சால் பாஸ் ஆகியோர் அந்த ஆண்டுகளில் படத்துக்குப் படம் அவரோடு இருந்தார்கள்.

'ரியர் விண்டோ' (1954) அந்தக் குழுவின் வலிமைக்குச் சான்று. பாராமவுண்ட் ஸ்டூடியோவுக்குள் ஒரு முற்றத்தையும் அதைச் சுற்றி 31 குடியிருப்புகளையும் கட்டினார்கள். ஆழம் போதாமல் தளத்தையே பெயர்த்துக் கீழே இறங்கினார்கள். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எதிர்வீடுகளை வேடிக்கை பார்க்கிறார். அவருக்குத் தெரிவதே நமக்கும் தெரிகிறது. கொலைகாரன் என்று சந்தேகிக்கப்படுபவனின் வீட்டுக்குள் கிரேஸ் கெல்லி மாட்டிக்கொள்கிறார். போலீஸார் வந்து நிற்க, கண்டெடுத்த மோதிரத்தை விரலில் மாட்டி, முதுகுக்குப் பின்னால் கையை வைத்து ஸ்டூவர்ட்டுக்குச் சைகை காட்டுகிறார். அந்தச் சைகையைக் கவனித்த கொலைகாரன், அது யாருக்கு என்று நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறான். ஒன்றரை மணி நேரம் பிறர் வீட்டை எட்டிப் பார்த்த நாமும் அந்த நொடியில் பிடிபட்டுவிடுகிறோம்.

'வெர்டிகோ' வெளியானபோது ஏன் எடுபடவில்லை? (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லலாம்.)

1958-ல் ரசிகர்கள் எதிர்பார்த்தது விறுவிறுப்பான துப்பறியும் கதை; கிடைத்ததோ இறந்துபோன காதலியின் உருவத்தை வேறொரு பெண்மேல் பூசப் பார்க்கும் ஒருவனின் நோய்மை. அடிப்படையான பிரெஞ்சு நாவலில் இருவரும் ஒரே பெண் என்பது கடைசியில்தான் வெளிப்படும். ஹிட்ச்காக் படம் முடிய நெடுநேரம் இருக்கும்போதே, அந்தப் பெண் எழுதும் கடிதத்தின் வழியே அதைப் பார்வையாளருக்குச் சொல்லிவிட்டார். வெடிகுண்டை மேசைக்கு அடியில் வைத்துக் காட்டிய அதே முறை. இங்கே குண்டு ஓர் உண்மை. இரகசியத்தை உடைத்துவிட்டார் என்று அன்று குறைப்பட்டார்கள்.

உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் கதாநாயகன் மணிக்கூண்டுப் படிக்கட்டைக் குனிந்து பார்க்கும்போது தரை விலகி ஓடுவதுபோல் தெரியும் காட்சி, கேமராவைப் பின்னால் நகர்த்திக்கொண்டே லென்ஸை முன்னால் இழுத்து எடுத்தது. நிஜப் படிக்கட்டில் செய்ய 50,000 டாலர் ஆகும் என்றார்கள். படிக்கட்டின் சிறு மாதிரியைச் செய்து பக்கவாட்டில் படுக்க வைத்து 19,000 டாலரில் முடித்தார்கள்.

பிறகு 'வெர்டிகோ' உட்பட ஐந்து படங்கள் நெடுங்காலம் பொதுத் திரையிடலில் இல்லை. அவர் இறந்த பின் 1983-84-ல் மீண்டும் வந்தன. 2012-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேன்' படத்தைத் தள்ளிவிட்டு 'வெர்டிகோ' முதலிடம் பிடித்தது, 2022-ல் இரண்டாமிடம்.

'சைக்கோ'வை ஏன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்?

செலவும் இரத்தமும் இரண்டு காரணங்கள். பாராமவுண்டுக்குக் கதை பிடிக்காததால், தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்து இலாபத்தில் பெரும் பங்கை வாங்கிக்கொண்டு, சுமார் 8 லட்சம் டாலரில், 1955 முதல் தான் நடத்திவந்த தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்தே 1960-ல் எடுத்து முடித்தார். வண்ணத்தில் அந்த இரத்தம் அருவருப்பாக இருக்கும் என்று அவர் கருதினார். திரையில் ஓடுவது சாக்லேட் பாகு. குளியலறைக் கொலைக் காட்சி திரையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. படமாக்க 7 நாள் ஆனது. அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேளாமல், வயலின் போன்ற நரம்பிசைக் கருவிகளை மட்டும் வைத்து வீறிடும் இசையை எழுதிப் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் உடனே ஏற்றார். படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக்கூடாது என்று திரையரங்குகளுக்குக் கட்டளை போட்டதும் புதிது. கதாநாயகி பாதிக்கு முன்பே இறந்துவிடுவதால், தாமதமாக வருகிறவர் அவரைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இந்தப் படத்தின் நிழல் தமிழிலும் விழுந்தது. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நடிகர்களை மாடுகள் என்று சொன்னாரா?

மாடுகள் என்று சொல்லவில்லை, மாடுகளைப்போல் நடத்த வேண்டும் என்றுதான் சொன்னேன் என்பது அவர் விளக்கம். 1940-ல் நடிகை கரோல் லொம்பார்ட் படப்பிடிப்புத் தளத்துக்குக் கன்றுக்குட்டிகளைக் கொண்டுவந்து, நடிகர்களின் பெயர்களை அவற்றின் கழுத்தில் தொங்கவிட்டுப் பழிதீர்த்தார்.

டிப்பி ஹெட்ரன் அவர்மேல் சொன்ன குற்றச்சாட்டு என்ன?

'த பேர்ட்ஸ்' (1963), 'மார்னி' (1964) ஆகிய படங்களின் கதாநாயகி டிப்பி ஹெட்ரன். பறவைகள் தாக்கும் மாடியறைக் காட்சியில் பொம்மைப் பறவைகள் வரும் என்று நம்பிப் போனவர்மேல் 5 நாள்கள் உயிருள்ள பறவைகளை வீசினார்கள். கண்ணுக்கருகே காயம் பட்டு, மருத்துவர் ஓய்வு சொல்லும் நிலை வந்தது. ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் முறையில் அத்துமீறினார் என்றும், மறுத்ததால் ஒப்பந்தத்தைக் காட்டித் தன் வாய்ப்புகளைக் கெடுத்தார் என்றும் ஹெட்ரன் சொல்லியிருக்கிறார். 2016-ல் வெளிவந்த தன்வரலாற்றில் விரிவாக எழுதினார். ஹிட்ச்காக்கோடு பணியாற்றிய வேறு சில நடிகைகள் அவரை நல்லவிதமாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஒருவரிடம் கண்ணியமாக நடந்தது இன்னொருவர் சொல்வதைப் பொய்யாக்காது. பெண்ணைத் தன் விருப்பப்படி வார்த்தெடுக்கத் துடிக்கும் ஆணைப் பற்றி 'வெர்டிகோ' எடுத்தவர் அவர் என்பதை மறந்துவிட்டு இந்தப் பகுதியைப் படிக்க முடியாது.

அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

சிறந்த இயக்குநருக்கு 5 முறை பரிந்துரைக்கப்பட்டார். ஒரு முறையும் கிடைக்கவில்லை. 1968-ல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி, இர்விங் தால்பெர்க் நினைவு விருது என்ற கௌரவ விருதைத் தந்தது. மேடையேறி ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

கடைசிக் காலப் படங்கள் ஏன் தொய்ந்தன?

1964-ல் டொமாசினி இறந்தார். 'டோர்ன் கர்ட்டன்' (1966) படத்துக்கு ஸ்டூடியோ ஜனரஞ்சகமான இசை கேட்டது. ஹெர்மன் தன் வழியிலேயே எழுதினார். ஒலிப்பதிவின்போதே ஹிட்ச்காக் அவரை நீக்கினார், இருவரும் பின்னர் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. 1968-ல் பர்க்ஸ் வீட்டுத் தீ விபத்தில் இறந்தார். வயதைவிட இந்த இழப்புகளே 'டோபாஸ்' (1969) படத்தில் எனக்குத் தெரிகின்றன. லண்டனுக்குத் திரும்பி எடுத்த 'ஃப்ரென்சி' (1972) மட்டும் பழைய கூர்மையோடு வந்தது: கொலைகாரன் ஒரு பெண்ணோடு மாடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த, கேமரா உள்ளே போகாமல் படிக்கட்டில் பின்வாங்கி இறங்கித் தெருச் சந்தடிக்கு வந்துவிடும். 'ஃபேமிலி பிளாட்' (1976) கடைசிப் படம். 1980 புத்தாண்டில் பிரிட்டன் அவருக்கு சர் பட்டம் தந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இறந்தார். ஆல்மா 1982-ல் இறந்தார்.

புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'ரியர் விண்டோ', பிறகு 'நொட்டோரியஸ்'. பிரிட்டிஷ் காலத்துக்கு 'த லேடி வானிஷஸ்' போதும். அதன் நகைச்சுவை இன்றும் பழசாகவில்லை. 'சைக்கோ'வின் முடிவு தெரிந்துவிட்டதே என்று தள்ளிப் போட வேண்டாம். தெரிந்து பார்க்கும்போது ஆண்டனி பெர்கின்ஸின் நடிப்பு இன்னும் துல்லியமாகத் தெரியும். 'வெர்டிகோ'வை முதல் படமாகப் பார்க்காதீர்கள், நாலைந்து படம் பார்த்த பிறகு பாருங்கள். 'டோபாஸ்' படத்தை மற்றதெல்லாம் தீர்ந்துபோன பின் பார்த்துக்கொள்ளலாம்.